அனைவர்க்கும் திறந்த வாயில்

ஊரின் நடுவே நூல்நிலையம் ஒன்றை அமைத்து, அதன் வாயிலில் ஏறுதற்கரிய உயர்ந்த படிகளைக் கட்டிவிட்டால், அஃது ஊரார் அனைவர்க்கும் உரியது என்று கூறுதல் பொருந்துமோ? இக்காலத்தில் இணையதளங்கள் பலவற்றின் நிலையும் இத்தகையதே. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த புதுவாயலில் வாழும் ஒருவர், மின்கட்டணம் செலுத்தவும், சான்றிதழ் பெறவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் கைப்பேசித் திரையை நாடுகின்றார். அவர் பார்வையற்றவராயின் அத்திரை அவர்க்குப் பயன்படுமோ?

பயன்படும். திரைபடிப்பான் என்னும் மென்பொருள், திரையிலுள்ள எழுத்துகளை ஒலியாக மாற்றிச் செவிக்கு அளிக்கும். அவ்வகையில் 'என்விடிஏ' என்னும் மென்பொருள் 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவரும், அவரோடு இணைந்து வளர்த்தவரும் பார்வையற்றவர்களே. அவர்கள் அதனை விலையின்றி உலகிற்கு வழங்கினர். அது தமிழையும் படிக்கவல்லது.

ஆயினும், எழுத்தாய் உள்ளதனைப் படிப்பது போல, படமாய் உள்ளதனை அது செவ்வனே படித்தல் அரிது. அறிவிப்பு ஒன்றைத் தாளில் அச்சிட்டு, அத்தாளைப் படம்பிடித்து இணையத்தில் இட்டால், கண்ணுடையார் அறிவர், கண்ணிலார் அறியார். தமிழுக்கு மற்றோர் இடரும் இருந்தது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துக்குரிய குறியெண்ணிலேயே தமிழ் வடிவம் அமைக்கப்பட்டிருந்தது. ஆதலின், கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றியது, கணினிக்குப் பொருளற்ற எழுத்துக் கோவையாயிற்று. தமிழுக்கெனத் தனிக் குறியெண்களை வகுத்த ஒருங்குறி இவ்விடரைத் தீர்த்தது. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றது.

இடர்ப்படுவோர் கண்ணிலார் மட்டும் அல்லர். செவிப்புலன் இழந்தோர்க்குக் காணொளியில் வசனவரி வேண்டும். கை நடுங்குவோர்க்குச் சுட்டியின்றி விசைப்பலகையாலேயே இயக்கும் வசதி வேண்டும். மங்கிய பார்வையுடைய முதியோர்க்கு எழுத்தும் பின்னணியும் நிறத்தால் நன்கு வேறுபடல் வேண்டும். இவற்றுக்குரிய நெறிகளை உலகளாவிய வலை இணையம் என்னும் அமைப்பு 1999ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது.

இந்நெறிகளைப் புறக்கணித்தலால் விளையும் துன்பத்திற்கு ஒரு சான்று உண்டு. அமில வீச்சால் கண்கள் சிதைந்த பெண்மணி ஒருவர், 2023ஆம் ஆண்டில் வங்கிக் கணக்குத் தொடங்க முயன்றார். உயிருள்ளவர் என்பதனை மெய்ப்பிக்கக் கண்ணிமைத்துக் காட்டுமாறு கணினி முறை கேட்டது. அவரால் இமைக்க இயலவில்லை. உயிரோடு நிற்பவர், உயிருள்ளவர் என்று காட்ட வழியின்றித் தவித்தார்! அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார். 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், இணையவழிச் சேவைகளைப் பெறும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அம்மன்றம் தீர்ப்பளித்து, இருபது நெறிமுறைகளையும் வகுத்தது.

சட்டம் வழிகாட்டும், அவ்வழியை அமைப்போர் மக்களே. மாணவர்கள் இணையத்தில் ஒரு படத்தை இடும்போது, அதன் பொருளை இரண்டொரு வரிகளில் உடன் எழுதுதல் எளிது. அவ்வரிகள் காணாதார்க்கும் காட்சியை உணர்த்தும். அறிவின் வாயில் ஒருவர்க்கேனும் அடைபட்டிருக்குமாயின், அதனைத் திறத்தல் கற்றவர் கடமையன்றோ!