வலது காலின் கணக்கு

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா

அன்புள்ள அருண்,

துர்காபூரில் வேலை கிடைத்தது, லைசென்ஸ் எடுத்தாய், இப்போது தவணையில் காரும் வாங்கிவிட்டாய். சனி, ஞாயிறு வீட்டுக்கு வர இனி ரயில் டிக்கெட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நீ அனுப்பிய செய்தியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. விற்கும்போது சொன்ன மைலேஜ் வரவில்லை என்று ஒரு வருத்தம். துர்காபூர் சாலையில் டான்குனி முதல் பால்சிட் வரை ஸ்பீடோமீட்டர் முள் நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை என்று ஒரு பெருமை. அந்த வருத்தத்துக்குக் காரணமே இந்தப் பெருமைதான். எப்படி என்று விவரமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி.

சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும் கார் முக்கியமாக இரண்டு எதிர்ப்புகளைச் சமாளிக்கிறது. டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு ஒன்று. வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்பு இன்னொன்று. அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று தடுக்கும் விசையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள். 80-இல் அது ஏறக்குறைய 1.8 பங்கு, 100-இல் 2.8 பங்கு, 120-இல் 4 பங்கு. 80-இல் இருந்து 100-க்குப் போகும்போது உன் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் தடையோ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. அந்தக் கூடுதல் முழுவதையும் உன் டேங்க்தான் ஈடுகட்ட வேண்டும்.

நம் ஊர்ச் சிறிய கார்கள் பெரும்பாலும் டாப் கியரில் 60-க்கும் 80-க்கும் இடையே சீராக ஓடும்போதுதான் நல்ல மைலேஜ் தரும். மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பி.சி.ஆர்.ஏ. என்ற எரிபொருள் சிக்கன அமைப்பு இன்னும் கீழே போய், 45 முதல் 55 வரையே சிக்கனமான வேகம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நெடுஞ்சாலையில் அவ்வளவு மெதுவாகப் போகச் சொல்லமாட்டேன். பின்னால் லாரிகள் வரும் சாலையில் அதுவும் ஆபத்துதான். 80-ஐ ஒட்டிப் போ என்கிறேன்.

பொங்கலுக்குக் காரிலேயே சென்னை போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா? நீ தாண்டிப் போகும் அதே டான்குனிப் பக்கத்தில்தான் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொடங்குகிறது. கடற்கரையோரமாகவே இறங்கிச் சென்னையில் போய் முடியும். சுமார் 1,700 கி.மீ. உன் கார் 80-இல் லிட்டருக்கு 20 கி.மீ. ஓடி, 100-இல் 17 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள். முதல் கணக்கில் 85 லிட்டர், இரண்டாவது கணக்கில் 100 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி விற்கும் காலத்தில், ஒரு வழிப் பயணத்திலேயே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் காற்றோடு போகிறது.

சரி, அந்தப் பணத்துக்கு என்ன வாங்கினாய்? நேரம் என்பாய். டான்குனிக்கும் பால்சிட்டுக்கும் இடையே ஏறக்குறைய 64 கி.மீ. 80-இல் போனால் 48 நிமிடம். நூறில் போனால் 38 நிமிடத்துக்குச் சற்று மேல். மிச்சமானது பத்து நிமிடத்துக்கும் குறைவு. பால்சிட் டோலைத் தாண்டியதும் சக்திகர். அங்கே கடை கடையாக அடுக்கி வைத்திருக்கும் லாங்சா இனிப்பைப் பார்த்துவிட்டு நிறுத்தாமல் போகிறவர் யார்? ஒரு தட்டு லாங்சாவும் ஒரு டீயும் சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் பத்து நிமிடம் தீர்ந்துவிடும். பெட்ரோல் செலவானது மட்டும் செலவானதுதான்.

இதுவரை பணக்கணக்கு. உன் அம்மாவுக்கும் எனக்கும் கவலை தருவது அடுத்த கணக்கு.

முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அந்த ஒன்றரை விநாடியும் கார் அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 80-இல் அது 33 மீட்டர், 100-இல் 42 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். உலர்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் எல்லாம் இருந்தால் 80-இல் போகும் கார் மொத்தம் 70 மீட்டருக்குள் நிற்கும். 100-இல் போகும் காருக்கு ஏறக்குறைய 97 மீட்டர் வேண்டும். இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து ஒரே நொடியில் ஆபத்தைப் பார்த்ததாக வைத்துக்கொள். 80-இல் வந்த கார் நிற்கும் இடத்தில், 100-இல் வந்த கார் இன்னும் 70 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படி. முதல் கார்க்காரருக்கு ஒரு பெருமூச்சோடு முடிகிற சம்பவம் அடுத்தவருக்கு ஆஸ்பத்திரியில் முடியலாம், அதற்கு அப்பாலும் போகலாம்.

இது நடக்கிற காரியமா என்று கேட்காதே. நீ பெருமையாக எழுதிய அந்தச் சாலையிலேயே நடந்திருக்கிறது. 2016 அக்டோபர் 18 அன்று எம்.பி. அபிஷேக் பானர்ஜியின் கார் சிங்கூர் அருகே நின்றுகொண்டிருந்த ஒரு பால் வண்டியில் மோதியது. அவர் பலத்த காயமடைந்தார். 2017 மார்ச் 7 அன்று, 'தோஹார்' குழுவின் நாட்டுப்புறப் பாடகர் காளிகாபிரசாத் பட்டாச்சார்யா ஒரு நிகழ்ச்சிக்காகச் சியூரிக்குப் போகும் வழியில் குராப் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். வங்காளமே அழுதது. 2025 பிப்ரவரியில் சௌரவ் கங்குலியின் கார் பர்த்வானுக்குப் போகும்போது ஒரு லாரி திடீரென்று முன்னால் வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை.

நிற்கும் வண்டியும், திடீரென்று உள்ளே புகும் லாரியும் அந்தச் சாலையில் அன்றாடக் காட்சி. அவற்றை நீ மாற்ற முடியாது. உனக்கும் முன்னால் போகும் வண்டிக்கும் இடையே உள்ள இடைவெளி மட்டும் உன் கையில் இருக்கிறது. முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது 'நூற்றி ஒண்ணு, நூற்றி ரெண்டு, நூற்றி மூணு' என்று எண்ணு. மூன்றையும் சொல்லி முடித்த பிறகுதான் நீ அந்தக் கம்பத்துக்கு வர வேண்டும். மழையிலும் இரவிலும் ஐந்து வரை எண்ணு. இடைவெளி விட்டால் எவனாவது நுழைந்துவிடுகிறானே என்பாய். நுழையட்டும். காலைச் சற்றுத் தளர்த்தி மறுபடியும் இடைவெளியை உண்டாக்கிக்கொள். அதனால் உனக்கு நஷ்டமாவது சில விநாடிதான்.

இந்த இடைவெளி பெட்ரோலையும் காப்பாற்றும். ஒட்டிக்கொண்டு போகிறவன் நிமிடத்துக்கு ஒரு முறை பிரேக்கை மிதிப்பான், உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பான். பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும், காசு கொடுத்து வாங்கிய வேகம் பிரேக் தட்டில் வெறும் சூடாகப் போகிறது. தூரத்தில் டோல் தெரிந்ததும் காலை எடுத்துவிட்டால் வண்டி தானாகவே வேகம் குறைந்து வரிசைக்கு வந்து சேரும். கண் எவ்வளவு தூரம் பார்க்கிறதோ அவ்வளவுக்கு வலது காலுக்கு வேலை குறையும். சிக்கனமும் பாதுகாப்பும் அந்த ஒரே பழக்கத்தில் இருந்துதான் வருகின்றன. நான் உனக்குச் சொல்ல விரும்புவதும் இதுதான்.

ஒரு நாடே இதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதும் அமெரிக்காவில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. என்று வேக வரம்பு விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். எரிபொருளை மிச்சப்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால் 1973-இல் 54 ஆயிரமாக இருந்த சாலை மரணங்கள் 1974-இல் 45 ஆயிரமாக இறங்கின. தட்டுப்பாட்டால் மக்கள் குறைவாக ஓட்டியதும் ஒரு காரணம். வேகம் குறைந்தது இன்னொரு முக்கியமான காரணம். எண்ணெய்க்காகப் போட்ட சட்டம் உயிர்களையும் காத்தது.

நம் நாட்டின் கணக்கைப் பார். 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தார்கள். மொத்தச் சாலை நீளத்தில் மிகச் சிறிய பங்கே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரணங்கள். நான்கு வழிச் சாலையில் காருக்கு 100 வரை போகலாம் என்று 2018-இல் அரசு அறிவித்தது உண்மைதான். அது மேல் வரம்பு. அந்தந்த இடத்தில் பலகை குறைத்துச் சொன்னால் பலகைக்குத்தான் மதிப்பு.

இனி சில பழக்கங்கள். வித்யாசாகர் சேதுவின் உச்சியில் இருந்து இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொல்லித்தருவார்கள். கேட்காதே. கார்புரேட்டர் வண்டிக் காலத்துப் பேச்சு அது. உன் வண்டியில் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். சக்கரமே என்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்ஜினின் உதவியும் போய்விடும். காசும் போகும், கட்டுப்பாடும் போகும்.

டயரில் காற்று குறைந்தால் உருளும் எதிர்ப்பு கூடி மைலேஜ் குறையும். அதோடு டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, வெயில் காலத்தில் வேகமாகப் போகும்போது வெடிக்கவும் கூடும். மாதம் இரண்டு முறையாவது, டயர் ஆறியிருக்கும்போது அழுத்தத்தைப் பார். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். மேலே கேரியர் மாட்டியிருந்தால் தேவையில்லாத நாளில் கழற்றி வை. காற்றின் தடையை அது நன்றாகவே கூட்டும்.

டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் துர்காபூர் சாலையில் பனிமூட்டம் வெள்ளைத் துணி போலக் கிடக்கும். பின்விளக்கு எரியாத லாரி ஓரத்தில் நின்றால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதற்குள் நிற்கக்கூடிய வேகத்தில் மட்டும் போ. ஹை பீம் போடாதே, ஒளி பனியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பும். லோ பீமில் போ. ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடாதே, நீ நிற்கிறாயா திரும்புகிறாயா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது. மூட்டம் மிகவும் அடர்ந்தால் டோல் பக்கத்திலோ தாபாவிலோ சாலையை விட்டு உள்ளே தள்ளி நிறுத்தி, வெயில் ஏறும்வரை இரு. ஆபீசுக்குத் தாமதமாகப் போனால் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தால் பெல்ட் போடச் சொல். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே பாலத்துச் சுவரில் கார் மோதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின் சீட்டில் இருந்த அவரும் உடன் இருந்தவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். விலையுயர்ந்த வண்டியாலும் பின் சீட்டில் இருந்த இருவரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஊருக்குள் வந்ததும் கணக்கு மாறும். இங்கே காற்று பொருட்டில்லை, நின்று நின்று போவதுதான் செலவு. சிக்னலில் விநாடி எண் பெரிதாக இருந்தால் என்ஜினை அணை. நம் ஊர்ச் சிக்னல்களில் ரவீந்திர சங்கீதம் போடுகிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு இரு.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். இந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது பங்கில் டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள். 80-ஐத் தாண்டாமல் வா. லேக் மார்க்கெட் வந்ததும் மறுபடியும் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகு. டேஷ்போர்டில் தெரியும் எண்ணை விட அது நம்பகமானது. நீ நூறில் வந்த நாளின் கணக்கோடு ஒப்பிட்டு எனக்கு எழுது. அதற்கு ஒரே நிபந்தனை, வழக்கத்தைவிடப் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பு. நேரம் கையில் இருந்தால் கால் தானாகவே அடங்கும்.

அன்புடன்,
உன் அத்தை