காலையில் கழுத்து ஏன் பிடிக்கிறது?

கேள்வி: எனக்கு 45 வயது. காலையில் எழும்போது கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் தலையணையைப் பாருங்கள். பல வீடுகளில் இலவம்பஞ்சுத் தலையணை வருஷக்கணக்கில் ஓடும். நடுவில் பள்ளம் விழுந்து, ஓரத்தில் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் தலை இறங்கினால் கழுத்துத் தசை இரவெல்லாம் இழுபட்டே கிடக்கும். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால், தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை வைத்தால் இடுப்பு முறுக்கிக்கொள்ளாது. குப்புறப் படுப்பதை விட்டுவிடுங்கள். கழுத்துக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம், குறைந்தால் வலி கூடுதலாகத் தெரியும். விழித்ததும் விருட்டென்று எழாமல், பக்கவாட்டில் புரண்டு, கை ஊன்றி எழுங்கள். விரல் மூட்டுகள் வீங்கி, விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.