சுழற்கலப்பையைப் பேணுதல்

சங்கரன்கோவிலைச் சூழ்ந்துள்ள நிலப்பரப்பில் கரிசல் மண் மிகுதி. கோடையில் வெடித்துக் கிடக்கும் அம்மண், மழை பெய்தவுடன் காலைப் பற்றி இழுக்கும் சேறாக மாறும். இவ்விரு நிலைகட்கும் இடையே உழுதற்கேற்ற பதம் சில நாள்களே நிற்கும். அப்பதம் அறிந்து உழுது விதைத்தவரே வடகிழக்குப் பருவமழையின் பயனை முழுமையாகப் பெறுவர். ஆதலின், அந்நாள்களில் உழுகருவி பழுதுற்று நின்றால், உழவர் இழப்பது ஒரு நாள் உழைப்பு மட்டுமன்று. அவ்வாண்டு விளைவையே இழக்க நேரினும் நேரும்.

டிராக்டரின் பின்னே பூட்டப்படும் சுழற்கலப்பையை மக்கள் ரொட்டவேட்டர் என்பர். 1912ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள கில்காண்ட்ரா என்னும் ஊரில், ஆர்தர் கிளிஃபர்டு ஹோவர்டு என்னும் இளைஞர், எஞ்சின் ஆற்றலால் மண்ணைக் கிளறும் முறையைத் தம் தந்தையாரின் பண்ணையில் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் வழித்தோன்றலே இக்கருவி.

டிராக்டரின் பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அஃதாவது நொடிக்கு ஒன்பது முறை சுழலும். அச்சுழற்சியை இணைப்புத் தண்டு கியர்ப் பெட்டிக்குக் கொண்டு செல்ல, வளைந்த கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்கும். குளிர்நாடுகளில் சாலைப் பனியை வாரி எறியும் கருவியும் டிராக்டரில் இவ்வாறே பூட்டப்படுவதுண்டு. அங்கே பனிக்கு முன்னும், இங்கே மழைக்கு முன்னும் கருவியைச் செப்பனிடல் வேண்டும். வாருவது பனியாயினும் மண்ணாயினும் பேணும் முறை பெரும்பாலும் ஒன்றே.

ஆடித்தபசு முடிந்து மழையை எதிர்நோக்கும் காலமே இப்பணிக்கு உகந்தது. முதற்கண் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுதல் வேண்டும். உயர்த்திய கருவியின் கீழ் உறுதியான கட்டைகளை வைத்த பின்னரே கை நீட்டுதல் வேண்டும். பின்பு, ஒட்டிய மண்ணைக் கழுவி, சுழல்தண்டின் முனைகளிற் சுற்றிய வேரையும் நாரையும் அறுத்தெடுத்தல் வேண்டும். இல்லையேல் அவை ஆயில் சீலை அறுத்துப் பேரிங்கினுள் மண்ணைப் புகவிடும். கியர்ப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்தது என்றும், அதில் இரும்புத்துகள் மின்னினால் பற்சக்கரம் தேய்ந்தது என்றும் அறியலாம். தேய்ந்த கத்திகளை மாற்றுங்கால், வலக்கத்தி இடக்கத்தி என்னும் வேறுபாடு பிறழாமல் பூட்டுதல் வேண்டும். பிறழ்ந்தால் கருவி அதிரும். இணைப்புத் தண்டிற்குக் கிரீசு இடுதலும் இன்றியமையாதது.

அத்தண்டில் ஷியர் போல்ட்டு என்னும் ஒரு சிற்றாணி இருப்பதுண்டு. கத்தி பாறையில் மோதுங்கால், அது தான் முறிந்து கியர்ப் பெட்டியைக் காக்கும். அடிக்கடி முறிகின்றதே என்று சினந்து, அவ்விடத்தில் வலிய போல்ட்டை முடுக்குவார் உளர். அடுத்த பாறையில் போல்ட்டு முறியாது, பற்சக்கரமே முறியும். சில ரூபாய்ச் செலவை அஞ்சியவர் பல ஆயிரம் ரூபாயை இழப்பர்.

பொருளிழப்பை மீட்டுக்கொள்ளலாம், உயிரிழப்பை மீட்க இயலாது. நொடிக்கு ஒன்பது முறை சுழலும் தண்டு வேட்டியின் தொங்கலையோ துண்டின் நுனியையோ பற்றினால், உடையவர் கூவுவதற்குமுன் அவரை இழுத்துவிடும். ஆகவே, தண்டை மூடியிருக்கும் காப்புக்குழல் உடைந்திருப்பின், அதனை மாற்றிய பின்னரே வயலில் இறங்குதல் வேண்டும்.

முறியவேண்டிய ஆணி முறியவும், மூடவேண்டிய குழல் மூடவும் விட்டவரின் கருவி பதநாளில் நில்லாது ஓடும். அவரும் மாலையில் நலமே இல்லம் திரும்புவார்.