விட்டு விட்டு எரியும் கூலண்ட் விளக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றில், வளைந்து ஏறும் பாதையில் ஒரு பழைய கார் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாம் தளத்துக்குத் திரும்பும்போது மீட்டர் பலகையில் கூலண்ட் விளக்கு எரிகிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தியதும் அணைந்துவிடுகிறது. மறுநாள் முழுக்க எரியவே இல்லை. அதற்கு மறுநாள் அதே திருப்பத்தில் மறுபடியும் எரிகிறது. கேட்பவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “வயர் லூசா இருக்கும் அண்ணே, விடுங்க.”

வயர் லூசாக இருக்கலாம். ஆனால் திருப்பத்தில் மட்டும் எரிகிறது என்பது வேறொன்றைச் சொல்கிறது. வளைவில் திரும்பும்போது கூலண்ட் டேங்கில் இருக்கும் திரவம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மட்டம் ஏற்கெனவே எல்லைக்கோட்டை ஒட்டி இருந்தால், அந்தச் சில வினாடிகளுக்கு சென்சார் காலியான டேங்கைப் பார்க்கிறது. விளக்கு அணைந்ததால் கூலண்ட் நிறைந்துவிடவில்லை. விட்டு விட்டு எரியும் விளக்கை ஆராய்பவர், அது எப்போது எரிகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் ‘பழைய கார்’ என்பதற்குத் தெளிவான வயது உண்டு. 1990 மே மாதம் தொடங்கிய வாகன ஒதுக்கீட்டு முறையில், கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகும் வண்டியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர், முந்தைய மூன்று மாத ஏலத்தின் சராசரித் தொகையைக் கட்டி 5 அல்லது 10 ஆண்டுக்கு நீட்டிக்கலாம். சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கும் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காடு வரை போகும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளியைத் தொட்டதை நினைத்தால், இருக்கும் காரையே காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் குடும்பங்களின் கணக்கு புரியும். அப்படிக் காப்பாற்றப்படும் கார்களில் டேங்க், ஹோஸ், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கங்கள் எல்லாம் பத்தாண்டு வெப்பத்தைத் தாங்கியவை. காரின் தாளுக்கு ஆயுள் நீண்டாலும் ரப்பருக்கு நீள்வதில்லை.

இங்கேயே ஒரு தவறான நிம்மதியும் வந்து ஒட்டிக்கொள்கிறது. 10 வயது தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் சோதனை நிலையத்துக்குப் போய்வருவதால், “இன்ஸ்பெக்‌ஷன் பாஸ், ஆகவே எல்லாம் சரி” என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சோதனை பிரேக், டயர், விளக்கு, புகை போன்ற பாதுகாப்பையும் மாசையும் பற்றியது. ஒரு மாதத்தில் கால் லிட்டர் கூலண்ட் எங்கே போனது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல.

எரிவது எந்த விளக்கு என்பதையும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். டொயோட்டா வியோஸ், ஹோண்டா ஜாஸ் போன்ற பல ஜப்பானியக் கார்களில் வெப்பமானி முள் இருக்காது. நீலம், சிவப்பு என இரண்டு விளக்குகள் இருக்கும். காலையில் எரியும் நீலத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. சில நிமிடங்களில் அணைந்துவிடும். ஓடிச் சூடான பிறகும் நீலம் அணையாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். சிவப்பு வெப்பத்துக்கானது. கூலண்ட் மட்டத்துக்குத் தனி விளக்கு இந்த வகைக் கார்கள் பலவற்றில் கிடையாது. டேங்கின் மேல், கீழ்க் கோடுகளைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் கார்கள் பலவற்றிலோ ஒரே குறியீடு மட்டம் குறைந்தாலும் எரியும், வெப்பம் ஏறினாலும் எரியும். காரின் கையேட்டைப் புரட்டாமல் இதில் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

“டேங்க் நிறைந்திருக்கிறது, அப்படியும் எரிகிறது, ஆகவே கம்ப்யூட்டர் கோளாறு” என்பது ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்களிடம் அதிகம் கேட்கும் பேச்சு. உண்மை அதைவிட எளியது. ஃபோக்ஸ்வேகன், ஆவ்டி டேங்குகளில் இரண்டு உலோக முனைகள் திரவத்தில் மூழ்கியிருக்கும். கூலண்ட் வழியாக மின்சாரம் பாய்ந்தால் மட்டம் சரி என்று பொருள். முனைகளில் படிவு ஏறினால் டேங்க் நிறைந்திருந்தாலும் மின்சாரம் தடைபடும். வெறும் வடிகட்டிய நீரையே திரும்பத் திரும்ப ஊற்றிவந்தாலும் திரவத்தின் மின்கடத்தும் தன்மை குறைந்து விளக்கு எரியக்கூடும். வேறு பல ஐரோப்பியக் கார்களில் காந்தம் பொருத்திய மிதவை ஒன்று மேலும் கீழும் நகர்ந்து சுவிட்சை இயக்கும். வயதான மிதவை விரிசல் விட்டுத் திரவத்தைக் குடித்துவிட்டால் மூழ்கிவிடும். இரண்டுமே சிறிய, மாற்றக்கூடிய பாகங்களின் கோளாறுகள்.

ஆகவே மட்ட விளக்கு எரியும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் எரிந்து, பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் அணைந்தால், சூட்டில் கூலண்ட் விரிந்து மட்டம் உயர்ந்திருக்கிறது. உண்மையில் அது குறைவாகவே இருக்கிறது. திருப்பத்திலும் பிரேக் அழுத்தும்போதும் எரிந்தாலும் அதே காரணம்தான். அடைமழைக்குப் பிறகோ வண்டியைக் கழுவிய பிறகோ மட்டும் எரிந்தால் இணைப்பியில் ஈரமோ பச்சைக் களிம்பு பிடித்த செம்போ இருக்கலாம். இங்கேதான் ‘லூஸ் வயர்’ ஆசாமிகளின் கருத்துக்கு இடமுண்டு.

சிவப்பு வெப்ப விளக்கு என்றால் கேள்வியே மாறுகிறது. தெம்பனிஸ் விரைவுச்சாலையின் மாலை நெரிசலில் எரிந்து, வண்டி நகரத் தொடங்கியதும் அணைந்தால் ரேடியேட்டர் விசிறி, அதன் ரிலே ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழும். ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை நிற்கும்போது விசிறிதான் செய்ய வேண்டும். நெரிசலே இல்லாத வேகத்தில் எரிந்தால் அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், முழுக்கத் திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் செலவு வைக்கும் நம்பிக்கை இது: “நம்ம ஊர் வெயிலில் கூலண்ட் ஆவியாகிவிடும், மாதம் ஒருமுறை ஊற்றுவது சகஜம்.” சகஜமே இல்லை. குளிரூட்டும் அமைப்பு மூடிய சுற்று. நல்ல நிலையில் இருக்கும் காரில் மட்டம் பல மாதங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும்படி குறையாது. குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. தரையில் ஈரம் இல்லை என்பது ஆறுதல் ஆகாது: சூடான என்ஜின்மேல் சொட்டும் கூலண்ட் அங்கேயே காய்ந்து வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பொருக்கை மட்டும் விட்டுவைக்கும். ஹெட் கேஸ்கட் பழுதாகியிருந்தால் என்ஜினுக்குள்ளேயே எரிந்து இனிப்பு வாடையுள்ள வெண்புகையாக வெளியேறும்.

கசிவு விட்டு விட்டு வருவதற்கும் காரணம் உண்டு. ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. சுமார் 1.1 பார் அழுத்தத்தில் மூடி தாங்கினால் வெறும் நீரே 120 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். கூலண்டின் முக்கியப் பொருளான கிளைகாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 130 பாகையை நெருங்கும். இந்த அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் மயிரிழை விரிசல், என்ஜின் குளிர்ந்ததும் மூடிக்கொள்ளும். பட்டறையில் குளிர்ந்த வண்டியைப் பார்த்துவிட்டு “கசிவே இல்லையே” என்பது அதனால்தான். கைப்பம்பால் அமைப்பை அழுத்தி, முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். மூடியையும் தனியே சோதிக்கச் சொல்ல வேண்டும். வலுவிழந்த மூடி சிறிய பாகம்தான், ஆனால் அது கெட்டால் மொத்த அமைப்பும் முன்னதாகவே கொதிக்கும்.

பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலையில், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நிற்கும் வண்டியின் டேங்கில் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். ஒரு வாரம் அதே நேரத்தில் பார்த்தால் போதும். மட்டம் போதிய அளவில் இருந்து, கோட்டைவிட்டு இறங்காமலும் விளக்கு எரிந்தால் சென்சாரையும் இணைப்பியையும் நோக்கிப் போகலாம். மட்டம் இறங்கினால் கசிவு உறுதி. சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விடுபட்ட அந்தக் கணமே திரவம் கொதித்துப் பீறிடும், முகமும் கையும் வெந்துபோகும்.

“பனி இல்லாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு, குழாய்த் தண்ணீர் போதும்” என்பவர்களுக்கும் பதில் உண்டு. உறைபனியைத் தடுப்பது கூலண்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே. அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது இரண்டும் வெப்ப நாட்டில்தான் கூடுதலாகத் தேவை. சிங்கப்பூர்க் குழாய்நீர் குடிக்கச் சிறந்தது; ஆனால் அதிலுள்ள உப்புகள் உலோகத்தில் படியும். அவசரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் குற்றமில்லை, அதையே வழக்கமாக்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து வாங்குவதும் சரியல்ல. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம்; எந்த நிறம் எந்த வேதிப்பொருள் என்று பொதுவிதி கிடையாது. கையேட்டில் குறிப்பிட்ட தரத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1990களின் நடுவில் கொண்டுவந்த டெக்ஸ்-கூல் என்ற ஆரஞ்சு கூலண்ட் நீண்ட ஆயுளுக்குப் பேர்போனது. ஆனால் அதைக் கொண்ட பல கார்களில் பழுப்புச் சேறு படிந்ததாகவும் கேஸ்கட் கெட்டதாகவும் வட அமெரிக்க உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் அவை சமரசத்தில் முடிந்தன. மட்டம் குறைந்து காற்று உள்ளே புகுவது அந்தச் சேற்றுக்கு ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது.

வெப்பமானி முள் நடுவில் நிற்பதை நம்பி ஓட்டுவதும் ஆபத்து. பல கார்களில் வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். கூலண்ட் பெரிதும் வடிந்துபோனால் வெப்ப சென்சார் திரவத்தைத் தொடாமல் காற்றில் நிற்கும். என்ஜின் வெந்துகொண்டிருக்க முள் கீழே இறங்கவும் கூடும். சிவப்பு விளக்கு எரிந்தும் “வீடு பக்கத்தில்தான்” என்று இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடலாம். ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே சரி. வெப்ப நாடுகளுக்கென விற்கப்பட்ட சில கார்களில் ஹீட்டரே இருக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளம். சந்தேகத்தோடு அதற்குள் நுழைவதைவிட முன்பே வெளியேறுவது மேல். விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை கட்டணமின்றி இழுத்துச்செல்லும்.

வடித்த பழைய கூலண்டைக் கார் நிறுத்துமிடச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள், அது கழிவுநீரோடு போய்விடும் என்று நம்புகிறார்கள். சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. பொங்கோல் ஆறும் சிராங்கூன் ஆறும் 2011 முதல் நீர்த்தேக்கங்கள். இந்த வட்டாரத்தில் பெய்யும் மழை குடிநீராகத் திரும்பி வருகிறது. கூலண்டிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பானது, நஞ்சு. தரையில் தேங்கினால் புளோக்கின் கீழே திரியும் பூனைகள் அதை நக்கும், சிறிதளவே அவற்றைக் கொல்லப் போதும். சிந்தியதை மணலோ துணியோ போட்டு உறிஞ்சி அள்ள வேண்டும். பழைய கூலண்டை மூடியுள்ள கலனில் அடைத்து, பெயர் எழுதி, புதியதை மாற்றித்தரும் பட்டறையிடமே கொடுத்துவிட வேண்டும்.