சுண்டெலிக்குத் தலை எங்கிருந்து வந்தது?

கேள்வி: சுண்டெலிக் கருவின் செல்கள் எல்லாமே ஒரே முட்டையிலிருந்து வந்தவை, எல்லாவற்றிலும் ஒரே மரபணுக்கள். அப்படியிருக்க, இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் வால் என்று அவற்றுக்குச் சொல்வது யார்?

பதில்: சுண்டெலியின் கர்ப்பகாலமே 19, 20 நாள்தான். அதில் முதல் ஐந்து நாள் கழித்துப் பார்த்தாலும் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்ட, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சின்னக் குவளை மாதிரி இருக்கும். குவளையின் உட்சுவர் செல்கள்தான் பின்னால் எலியாகப் போகிறவை. அதை வெளியே போர்த்தியிருக்கும் மெல்லிய அடுக்கில் பெரும்பகுதி உடம்பில் சேர்வதே இல்லை. ஆனால் தலை எங்கே என்று முடிவுகட்டுவது இந்த வெளியாள்தான்!

உட்சுவரில் நோடல் என்ற மரபணு வேலை செய்துகொண்டிருக்கும். அதன் புரதம் செல்லைவிட்டு வெளியேறி, அக்கம்பக்கத்துச் செல்களை உடம்பின் பின்பகுதியாக மாறத் தூண்டும். கேட்பாரில்லாமல் விட்டால் எல்லாப் பக்கமும் பின்பக்கமாகிவிடும். ஐந்தரை நாள் வாக்கில், குவளையின் அடிநுனியில் இருக்கும் வெளியடுக்குச் செல்கள் சில ஒரு பக்கமாக மேலே நகர்கின்றன. நகர்ந்த இடத்தில் லெஃப்டி1, செர்பெரஸ் வகைப் புரதங்களைச் சுரக்கின்றன. இரண்டுமே நோடலை மறிப்பவை. மறித்த பக்கம் தலைப்பக்கம். மறிப்பு எட்டாத எதிர்ப்பக்கத்தில் ஆறரை நாளில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் வழியாக உள்ளே இறங்கும் செல்களிலிருந்துதான் தசை, எலும்பு, குடல் எல்லாம் வருகின்றன.

ஆக, தலை என்பது முதலில் பின்பக்கமாகிவிடாமல் காப்பாற்றப்பட்ட இடம். மறிக்கும் அந்த இரண்டு மரபணுக்களையும் நீக்கிப் பார்த்தபோது, ஒரே கருவில் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் தோன்றின. நகரும் செல்களிலும் வேலை செய்கிற லிம்1 என்ற மரபணுவை ஷாலட், பெரிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நீக்கினார்கள். 1995இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: உடம்பு இருந்தது, தலையின் முன்பகுதி இல்லை.

கேள்வி: சரி, விலா எலும்பு மார்பில் மட்டும் முளைக்கிறதே, இடுப்பில் ஏன் முளைப்பதில்லை?

பதில்: அது ஹாக்ஸ் மரபணுக்களின் பொறுப்பு. சுண்டெலிக்கு இவை 39. நான்கு குரோமோசோம்களில் நான்கு கொத்துகளாக இருக்கின்றன. கொத்துக்குள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, ஏறக்குறைய அதே வரிசையில் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை உடம்பின் பகுதிகளைக் கவனித்துக்கொள்கின்றன. இந்த ஒழுங்கை முதலில் பழ ஈயில் கண்டு சொன்னவர் எட்வர்ட் லூயிஸ். 1995இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

விலாவுக்கு வருவோம். வெலிக், கேபெக்கி இருவரும் 2003இல் ஹாக்ஸ்10 வகை மரபணுக்கள் மூன்றையும் முடக்கிப் பார்த்தார்கள். இடுப்பு முதுகெலும்புகளிலும் விலா முளைத்துவிட்டது. மூன்றில் ஒன்றை மட்டும் முடக்கியபோது இவ்வளவு பெரிய மாற்றம் வரவில்லை, மற்றவை சமாளித்துக்கொண்டன. அதாவது விலாவை முளைக்கவிடாமல் அடக்குவதே அங்கே ஹாக்ஸ்10இன் வேலை. இங்கேயும் அதே கதைதான், மறிப்பதால் வடிவம். மரபணுக்களை வீட்டு வரைபடம் என்று பாடப்புத்தகம் சொல்வதை நான் ஏற்பதில்லை. வரைபடம் யாரையும் தடுக்காது.

கேள்வி: இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பது?

பதில்: எட்டாம் நாளை ஒட்டி, கருவின் நடுக்கோட்டில் ஒரு சிறு குழி இருக்கும். அதிலுள்ள நுண்மயிர்கள் ஒரே பக்கமாகச் சுழன்று திரவத்தை இடப்புறம் தள்ளும். 1998இல் டோக்கியோவில் ஹிரோகவாவின் குழு இதைக் காட்டியது. இந்த ஓட்டத்தைத் தொடர்ந்து நோடல் மறுபடி மேடை ஏறுகிறது, இம்முறை இடப்பக்கம் மட்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னர் திரவத்தைச் செயற்கையாக எதிர்த்திசையில் ஓடவிட்டபோது, உறுப்புகளின் இடவலமும் புரண்டது. மனிதரிலும் நுண்மயிர் சரிவர அசையாத பிறவிக் கோளாறு உண்டு; அப்படிப் பிறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம் வலப்பக்கத்தில் இருக்கிறது.