பேப்பர் இல்லாத பழைய புல்லட்டை வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் அரிசி ஆலைக் கொட்டகையில் பழைய புல்லட் ஒன்று பல வருடமாக நிற்கிறது. நம்பர் பிளேட்டில் பழைய மூன்றெழுத்து நம்பர். வண்டிக்காரர் காலமாகிவிட்டார். “ஆர்.சி. புக் எங்கே போச்சுன்னே தெரியல, பிடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க” என்கிறார்கள் அவருடைய மகன்கள். விலையும் குறைவு. வாங்கலாமா? (பல்லடம் வாசகர்)

பதில்: வாங்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வந்தாக வேண்டும்.

பேப்பர் இல்லாத வண்டிகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. சிலவற்றுக்கு ஆர்.சி. புக் மட்டும் தொலைந்திருக்கும், அரசுப் பதிவேட்டில் வண்டி உயிரோடு இருக்கும். சிலவற்றின் பதிவு ரத்தாகியிருக்கும். இன்னும் சில, எங்கோ ஒருவர் திருட்டுப் புகார் கொடுத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும் வண்டிகள். கொட்டகையில் தூசி படிந்து நிற்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். எது எந்த ரகம் என்பதைச் சொல்லக்கூடியவை சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான்.

அதனால் முதல் வேலை, துருவைப் பக்குவமாகத் துடைத்து, அந்த இரண்டு நம்பர்களின் மேலும் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பது. எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அரம் போட்டுத் தேய்த்த தடமோ, வெல்டிங் வைத்து மூடிய மேடோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. விலையைக் குறைத்துச் சரிக்கட்டக்கூடிய குறை அல்ல அது.

அடுத்தது பதிவேடு. டி.என். 01, டி.என். 37 என்று தொடங்கும் இன்றைய எண் முறை, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோது தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்றெழுத்து வண்டிகளின் விவரம் கையால் எழுதிய பதிவேடுகளில் இருந்தது. அவற்றில் பல இன்னும் கணினிக்கு ஏறவில்லை. ஆகவே ‘பரிவாகன்’ தளத்தில் நம்பரைத் தட்டி, “விவரம் இல்லை” என்று வந்ததும் மனம் தளர வேண்டியதில்லை. முதலில் பதிவான அலுவலகம் எது, மாவட்டம் பிரிந்தபின் அந்தப் பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது என்று விசாரித்து, எழுத்து மூலம் நகல் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பதிவேட்டில் உள்ள சேஸிஸ் நம்பரும் பென்சில் அச்சும் ஒத்துப்போனால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்ஜின் நம்பர் மட்டும் மாறியிருந்தால், எப்போதோ இன்ஜின் மாற்றியிருக்கலாம். அதற்கு உரிய பில்லும் ஆர்.டி.ஓ. ஒப்புதலும் தேவைப்படும்.

திருட்டு வண்டியா என்பதைச் சரிபார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவை இருக்கிறது. வாங்குபவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. “எனக்குத் தெரியாது” என்று சொல்பவர் கையில், தான் விசாரித்ததற்கான ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், பல்லடம் வாசகரின் வண்டியில் மீதி இருப்பது நடைதான். உரிமையாளர் இறந்துவிட்டதால், மகன்கள் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றுடன் படிவம் 31 கொடுத்து, வண்டியைத் தங்களில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். தொலைந்த ஆர்.சி.க்குக் காவல்துறையில் பதிவு செய்து, படிவம் 26 மூலம் நகல் கேட்க வேண்டும். பதிவுக் காலம் முடிந்திருந்தால் படிவம் 25இல் புதுப்பித்தல். அதன் பிறகே விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திடும் படிவம் 29, 30. வண்டி கடனில் வாங்கப்பட்டு, அந்தக் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால் கடன் கொடுத்தவர் கையெழுத்துடன் படிவம் 35 வேண்டும். அந்த பைனான்ஸ் கம்பெனியே மூடப்பட்டிருந்தால் இழுபறிதான். விலை பேசும்போதே இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மகன்கள் இந்தக் கையெழுத்துகளுக்கு வரச் சம்மதிக்காவிட்டால், வண்டி சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: “வேறொரு புல்லட்டின் ஆர்.சி. தருகிறேன், அந்த நம்பரை உங்கள் சேஸிஸில் அடித்துக்கொள்ளலாம்” என்கிறார் ஒரு புரோக்கர். பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்களாமே? (ஈரோடு வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ஒரு வண்டியின் அடையாளத்தை இன்னொன்றுக்கு ஒட்டுவது மோசடி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது நம்பர்களைத்தான். அடிபட்டவருக்கான இழப்பீடு ஓட்டியவர் தலையிலேயே விழலாம். துருப்பிடித்து நம்பர் உண்மையிலேயே அழிந்துபோனால், ஆர்.டி.ஓ. அனுமதியோடு மீண்டும் பொறிக்க வழி இருக்கிறது. அந்த வழி நீளமானது என்பதற்காகக் குறுக்கு வழிக்குப் போனால், பத்து வருடம் கழித்து விற்கும்போதுகூடப் பயந்துகொண்டே விற்க வேண்டும்.

கேள்வி: ஆர்.சி. கைக்கு வரும் முன்பே மெக்கானிக் வேலையைத் தொடங்கலாமா? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பதிவேட்டில் வண்டி இருப்பது உறுதியாகி, விற்பனை ஒப்பந்தமும் எழுதிக்கொண்டால் தொடங்கலாம். பதிவைப் புதுப்பிக்க வண்டி ஓடும் நிலையில் ஆய்வுக்குப் போக வேண்டும் என்பதால், ஒரு கட்டத்தில் தொடங்கித்தான் ஆக வேண்டும்.

இங்கே பட்டறை வேலையும் பேப்பர் வேலையும் பின்னிக்கிடக்கின்றன. சேஸிஸை மணல் வீச்சுக்கு அனுப்பும் முன் நம்பர் உள்ள இடத்தை மூடி ஒட்டச் சொல்ல வேண்டும். பவுடர் கோட்டிங் தடிமனாக ஏறினால் நம்பர் அதற்கடியில் மறைந்துவிடும். இன்ஜின் நம்பர் பொறித்த கிராங்க் கேஸில் விரிசல் இருந்தால், பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டுவது சுலபமாகத் தெரியும். செய்யக்கூடாது. அலுமினியம் வெல்டிங் வைத்து, லேத்தில் சமன்செய்து, அதையே காப்பாற்ற வேண்டும். பெயின்ட்டும் அப்படித்தான்: பதிவில் உள்ள நிறத்திலேயே அடிப்பது நல்லது, மாற்றினால் அதையும் பதிய வேண்டும்.

மற்றபடி, 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா சென்னை திருவொற்றியூரில் தயாரித்த 350 சிசி புல்லட், மீட்டெடுக்க ஏற்ற வண்டி. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், மொத்தம் 346 சிசி. இந்த அமைப்பு பல பத்தாண்டுகள் மாறாமல் இருந்ததால் பிஸ்டன், வால்வு, புஷ் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. இன்ஜினைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டிங் ராடின் அடியில் சுழலும் ஃப்ளோட்டிங் புஷ். ஆயில் கவனிக்காமல் ஓட்டிய வண்டியில் முதலில் தேய்வது அதுதான். மைசூரில் ஐடியல் ஜாவா தயாரித்த ஜாவா, எஸ்டி வண்டிகளுக்குக் கொஞ்சம் அலைய வேண்டும், ஏனெனில் அந்த ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பாகம் வாங்கினால் பில் கேட்டு வாங்கி, ஃபைலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் தாத்தாவின் ஜாவாவுக்கு 50 வயது தாண்டிவிட்டது. ‘விண்டேஜ்’ பதிவு செய்தால் பழைய ஆர்.சி. தேவையில்லையா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தேவை. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கிறது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யையும் இணைக்கச் சொல்கிறது விதி. தவிர, அந்த எண்ணோடு கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் இறங்கலாம். தினம் கடைக்குப் போய்வர நினைப்பவருக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு திருத்திய பட்டியலில், 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய்.

பழைய வண்டி வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், பீரோவில் கிடக்கும் ஆர்.சி., வரி ரசீது, இன்சூரன்ஸ் தாள் எல்லாவற்றையும் இந்த வாரமே தேடி எடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அப்பாவின் பெயரிலேயே வண்டி இருந்தால், வாரிசுகள் எல்லோரும் உள்ளூரில் இருக்கும்போதே படிவம் 31ஐக் கொடுத்து முடித்துவிடுங்கள்.