கியர் மேல் கை வைக்குமுன்

கார்ப் பைத்தியம் புதிதாகப் பிடித்திருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். எந்தக் காரை வாங்கலாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு காரைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

1. ஒரு கார் பார்க்க நன்றாக இல்லை என்று தோன்றினால், ஏன் அப்படி வரைந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நம் சின்ன செடான்களின் டிக்கி வெட்டிவிட்டாற்போல் நிற்பதைப் பலர் கேலி செய்வார்கள். 2006 மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய இன்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4,160 மி.மீ. அந்த வரம்புக்குள் அடங்க, 2012இல் வந்த அடுத்த டிசையர் 3,995 மி.மீ. குறைந்த நீளம் டிக்கியில்தான் போனது. அந்த 2012 வண்டியின் பின்பக்கம் எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் அதே 3,995க்குள் 2017 டிசையரைப் பாருங்கள், எவ்வளவு லட்சணமாக இருக்கிறது! முதல் கோட்டிலிருந்தே அந்த நீளத்துக்கென்று வரைந்த வண்டி அது. இரண்டையும் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தாலே டிசைன் பற்றிப் பாதி பாடம் வந்துவிடும்.

2. கியர்பாக்ஸை ஒருமுறையாவது பிரித்த நிலையில் பாருங்கள். தெரிந்த பட்டறையில் அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கியர் மாற்றுகிறோம் என்று நாம் சொன்னாலும், இன்றைய மேனுவல் கார்களில் முன்னோக்கிப் போகும் கியர் எதுவும் இடம் மாறுவதில்லை. ஃபர்ஸ்ட் முதல் டாப் வரை எல்லா ஜோடிகளும் எந்நேரமும் பல்லோடு பல் கோத்தபடியே சுற்றுகின்றன. ஷாஃப்ட்டின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் கியர்களில் ஒன்றை, லீவர் நகர்த்தும் ஸ்லீவ் போய் ஷாஃப்ட்டோடு பூட்டுகிறது, அவ்வளவுதான்.

பூட்டுமுன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அதற்குத்தான் இடையில் ஒரு பித்தளை வளையம். கையில் வாங்கி உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். கூம்பாகக் கடைந்து, மெல்லிய வரிகள் போட்டிருக்கும். அந்த வரிகள்தான் ஆயிலை விலக்கி, கியரின் கூம்பைப் பிடித்து, வேகத்தைச் சமப்படுத்துகின்றன. லீவர் நியூட்ரலைத் தாண்டியதும் கையில் ஒரு சின்னத் தயக்கம் தெரியுமே, அது இந்த வளையம் வேலை செய்யும் நேரம். அங்கே குத்தித் தள்ளாதீர்கள். அழுத்தம் கொடுத்துக் காத்திருந்தால் தானாக விழும். வரிகள் தேய்ந்துபோன வண்டியில்தான் செகண்ட் போடும்போது 'கர்ர்' என்கிறது.

பல கார்களில் ரிவர்ஸுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது. அதில் ஒரு கியர் நிஜமாகவே நகர்ந்து வந்து நடுவில் சேரும். பற்களும் நேராக வெட்டியிருக்கும். பின்னால் எடுக்கும்போது கேட்கும் ஊளை அந்த நேர்ப் பற்களின் சத்தம். வண்டி முழுதாக நிற்காமல் ரிவர்ஸ் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

3. கியர் மாற்றியதும் கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோய்விடுங்கள். லீவர் மேல் சாய்த்து வைத்த கையின் பாரத்தால், உள்ளே லீவரோடு இணைந்த ஃபோர்க் சுற்றும் ஸ்லீவில் உரசுகிறது.

4. மலைப்பாதையில் ஓட்டாமல் கியரைப் பற்றிப் பேச வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வது சத்தியமான வார்த்தை. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் டிஸ்க் சூடேறும், சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் என்றால் சீக்கிரமே கொதித்துவிடும். பெடல் பஞ்சாக உள்ளே போகும்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவது நின்றுவிடும். இறக்கத்தில் சக்கரங்களே இன்ஜினைச் சுற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் கொடுத்தே ஆகவேண்டும். இன்னொன்று, இறங்கும்போது எதிரே ஏறி வருபவருக்கு நின்று வழிவிடுங்கள்.

5. கார்களை வடிவமைத்த பெரியவர்களின் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதையடுத்து அலெக் இஸிகோனிஸ் உருவாக்கிய மினி 1959இல் வந்தது. இன்ஜினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு அடியில், ஒரே ஆயிலில் நனையும்படி வைத்தார். சுமார் 3 மீட்டர் காரில் நால்வர் உட்கார முடிந்தது. ஃபியட்டின் தாந்தே ஜகோசா இன்னொரு வழி கண்டார். குறுக்கு இன்ஜினின் பக்கத்திலேயே கியர்பாக்ஸ். 1964இல் ஆட்டோபியான்கி பிரிமுலாவில் அதைச் செய்துகாட்டினார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முதல் இன்று தெருவில் நிற்கும் ஹேட்ச்பேக் வரை பெரும்பாலும் இந்த வழிதான். நம் ஊரில் பத்மினியாக ஓடிய ஃபியட் 1100க்குப் பின்னாலிருந்தவரும் ஜகோசாவே. இஸிகோனிஸின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாமலிருப்பது எனக்கு வருத்தம்.

6. ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்களை மட்டமாகப் பேசாதீர்கள். முழங்கால் வலிக்காரருக்கும் சிக்னல் நெரிசலில் தினமும் தவிப்பவருக்கும் அது வரம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து ஓட்டுங்கள். 2014இல் மாருதி செலேரியோ கொண்டுவந்த ஏஎம்டி என்ற ஆட்டோமேட்டிக் வேறு கியர்பாக்ஸ் அல்ல. அதே மேனுவல் பெட்டிதான், கிளட்ச்சையும் லீவரையும் இயக்க மட்டும் ஒரு கருவி. ஆகவே மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், கிளட்ச் கருகும். பிரேக்கில் கால் இருக்கட்டும்.

7. ஏசிக்கும் பாட்டுச் சத்தத்துக்கும் திருகு இருக்கும் வண்டியை நான் மதிக்கிறேன். திருகை விரல் தேடிக் கண்டுபிடிக்கும், கண் சாலையில் இருக்கும். கண்ணாடித் திரையில் விரலுக்கு ஒன்றும் புலப்படாது.

8. டெஸ்ட் டிரைவுக்குப் போனால் முதலில் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஏசியையும் சற்று நேரம் அணையுங்கள். தேர்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மேடு ஏற்றுங்கள். மோசமான சாலை ஒன்றில் ஓட்டுங்கள். பிறகு இறங்கி, பின் சீட்டில் உட்கார்ந்து இன்னொருவரை ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் அம்மா அங்கேதான் உட்காரப்போகிறார்.